சதுரங்கம் எங்கே பிறந்தது? அறிவிப்பாளர் வரிசை இல்லாத ஒரு வரலாறு

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள சாய்ந்தமருதில் ஒரு பாடசாலைப் பிள்ளை சதுரங்கத்தின் பிறப்பைத் தேடினால் மூன்று பதில்கள் சுலபமாகக் கிடைக்கும். இராமனின் படை இலங்கையை முற்றுகையிட்ட நாட்களில் இராவணனின் மனைவி கண்டுபிடித்த ஆட்டம் அது என்பது ஒன்று. இரண்டாவது அரபு நூல்கள் வழியாக வந்த சிஸ்ஸாவின் கதை. முதல் கட்டத்துக்கு ஒரு தானியமணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என்று கூலி கேட்டு அரசனைத் திகைக்க வைத்த அந்த அறிஞரைக் கணித ஆசிரியர்கள் விடுவதில்லை. 64 கட்டங்களையும் கூட்டினால் 20 இலக்க எண் வரும். மூன்றாவது பதில் 2022இல் பரவியது. மாமல்லபுரத்தில் நடந்த 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட்டையொட்டி, திருவாரூர் மாவட்டத்துக் கோயில் ஒன்றில் சிவபெருமானே சதுரங்கம் ஆடிய கதை தொலைக்காட்சிகளில் ஓடியது.

மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. ஆனால் மூன்றையும் "ஆய்வாளர்கள் கூறுகிறார்கள்" என்ற ஒரே வாக்கியத்தோடு தொடங்கலாம், தொடங்கியும் இருக்கிறார்கள். எந்த ஆய்வாளர், எந்த நூலில், எதைப் பார்த்து என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் சிக்கல்.

ஹதீஸ் படித்துப் பழகிய ஊர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஒரு செய்தியின் வாசகம் எவ்வளவு அழகாக இருந்தாலும், யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசையை, அதாவது இஸ்னாதை, பார்க்காமல் எவரும் அதை ஏற்பதில்லை. சதுரங்க வரலாற்றில் இரு நூற்றாண்டுகளாக நடந்த சண்டைகளை அதே கண்ணோடு பார்த்தால் பல கட்சிகளின் வரிசை இரண்டாவது ஆளிலேயே அறுந்துபோகிறது.

இராவணன் எப்போது ஆட வந்தான்?

இலங்கைக் கட்சியின் வரிசை 1790இல் கல்கத்தாவில் போய் நிற்கிறது. அங்கே உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த வில்லியம் ஜோன்ஸ், தான் நிறுவிய ஆசியக் கழகத்தின் 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' இரண்டாம் தொகுதியில் இந்தியச் சதுரங்கம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இலங்கை வேந்தன் இராவணனின் மனைவி, முற்றுகைக் காலத்தில் கணவனைப் போரின் சாயலால் மகிழ்விக்க இதைக் கண்டுபிடித்தாள் என்றும், பழைய தரும நூல்களில் இது சொல்லப்பட்டிருக்கிறது என்றும் அதில் குறிப்பிட்டார். எந்தத் தரும நூல் என்று சொல்லவில்லை. அதே கட்டுரையில், பிராமணர்களின் செவ்வியல் நூல்களில் இந்த ஆட்டத்தைப் பற்றி எந்த விவரமும் தனக்குக் கிடைக்கவில்லை என்றும் அவரே ஒப்புக்கொள்கிறார். முதல் செய்தியை எடுத்தாண்ட பலர் இரண்டாவதை விட்டுவிட்டார்கள்.

வால்மீகியின் யுத்த காண்டத்திலோ கம்பனின் யுத்த காண்டத்திலோ இப்படியொரு காட்சி இல்லை. ஜோன்ஸ் 'இராவணனின் மனைவி' என்று மட்டுமே எழுதினார். மண்டோதரி என்ற பெயர் பின்னால் வந்தவர்களின் சேர்க்கை. கதை கைமாறும்போது இப்படித்தான் விவரம் கூடுகிறது. அண்மைக் காலத்தில் இலங்கையில் இராவணனுக்குக் கிடைத்திருக்கும் புது மவுசும் இதற்குத் துணை. 2019இல் நாட்டின் முதல் செயற்கைக்கோளுக்கு 'இராவணா-1' என்று பெயர் வைத்தார்கள். 2020இல் இராவணனின் வான்பயணம் பற்றிய ஆவணங்களைக் கேட்டு அரசாங்கத்தின் விளம்பரமே பத்திரிகையில் வந்தது. விமானம் ஓட்டியவனுக்குச் சதுரங்கம் எம்மாத்திரம்!

ஜோன்ஸ் கேட்டது கல்கத்தாப் பண்டிதர்களின் வாய்மொழி மரபு. அப்படியொரு மரபு வங்காளத்தில் இருந்தது என்பதற்கு மட்டும் அது சான்றாகும். இலங்கைத் தீவில் ஆடப்பட்டதற்கு அதில் எதுவும் இல்லை.

நால்வர் ஆடிய ஆட்டம்

ஜோன்ஸ் பெரிதாக விவரித்தது இருவர் ஆட்டத்தை அல்ல. ராதாகாந்தர் என்ற பண்டிதர் சொல்லக் கேட்டு அவர் எழுதியது, நான்கு மூலைகளில் நான்கு பேர் அமர்ந்து தாயக்கட்டை உருட்டி ஆடும் ஆட்டம். ஒவ்வொருவருக்கும் அரசன், யானை, குதிரை, தோணி, நான்கு காலாட்கள். எந்தக் காய் நகரவேண்டும் என்பதைக் கட்டை சொல்லும். இது பவிஷ்ய புராணத்தில் உள்ளது என்பது பண்டிதர் தந்த தகவல்.

இதைப் பிடித்துக்கொண்டு கேப்டன் ஹிராம் காக்ஸ் (வங்கதேசத்தின் காக்ஸ் பசாருக்குப் பெயர் தந்தவர்) நால்வர் ஆட்டமே மூலம் என்றார். லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர் டங்கன் ஃபோர்ப்ஸ் 1860இல் ஒரு முழு நூலே எழுதி, அதன் வயதை 5,000 ஆண்டுகளுக்குக் கொண்டுபோனார். காலப்போக்கில் கூட்டாளிப் படைகள் ஒன்றாகி, தாயக்கட்டையும் கைவிடப்பட்டு, இருவர் ஆட்டம் உருவானது என்பது அவருடைய வாதம். கேட்பதற்கு ஒழுங்கான கதைதான்.

1870களில் ஜெர்மானிய சமஸ்கிருத அறிஞர் ஆல்பிரெக்ட் வேபரும் ஒல்லாந்தரான ஆன்டோனியஸ் வான் டெர் லிண்டேவும் புராணச் சான்றைத் தேடிப் போனார்கள். புராணத்தில் அது இல்லை. இருந்த இடம் ரகுநந்தனரின் 'திதிதத்துவம்' என்ற வங்காள நூல். அதன் காலம் ஏறத்தாழ 16ஆம் நூற்றாண்டு. ஐயாயிரம் ஆண்டு ஒரே மூச்சில் ஐந்நூறுக்கும் குறைவாகச் சுருங்கியது. 1913இல் எச். ஜே. ஆர். மறே தன் சுமார் 900 பக்க 'சதுரங்க வரலாறு' நூலில் ஃபோர்ப்ஸின் கட்சியைத் தள்ளிவைத்தார். ஆனாலும் பிற்காலப் பொது வாசிப்பு நூல்களில் அது தொடர்ந்து தலைகாட்டியது.

ஃபோர்ப்ஸ் தோற்றதால் நால்வர் ஆட்டம் பிந்தியது என்று தானாக நிறுவப்பட்டுவிடாது. 1030 வாக்கில் மத்திய ஆசிய அறிஞர் அல்பிரூனி அதை இந்தியாவில் ஆடப்படும் ஆட்டமாகவே விவரித்திருக்கிறார். அதற்கு முந்திய எழுத்து இல்லை என்பதுதான் மறேயின் வாதத்துக்குப் பலம். எழுத்து இல்லாமை எவ்வளவு தூரம் சான்றாகும் என்பது தனிக் கேள்வி.

கன்னோசியும் பாரசீக அரசவையும்

இன்று பெரும்பாலான வரலாற்றாளர் சாய்வது வட இந்தியா பக்கம், கி.பி. 6–7ஆம் நூற்றாண்டு. இந்தக் கட்சிக்கு இரண்டு தூண்கள்.

ஒன்று, ஹர்ஷரின் (606–647) அவைப்புலவர் பாணர் எழுதிய 'ஹர்ஷசரிதம்'. மன்னனின் ஆட்சியில் எங்கும் சண்டை இல்லை, நால்வகைப் படையின் அணிவகுப்பை அஷ்டாபதப் பலகையில் மட்டுமே பார்க்கலாம் என்ற பொருளில் ஒரு சிலேடை அதில் வருகிறது. எட்டுக்கு எட்டுக் கட்டமுள்ள அஷ்டாபதப் பலகை மிகப் பழையது. புத்தர் தவிர்த்த விளையாட்டுகளின் பட்டியலைத் தரும் பிரம்மஜால சூத்திரத்திலேயே அதன் பெயர் உண்டு. 'சதுரங்கம்' என்ற சொல்லோ இதிகாசங்களில் தேர், யானை, குதிரை, காலாள் கொண்ட சேனையையே குறித்தது. பலகையின் பெயரைத் தனியாகவும் சேனையின் பெயரைத் தனியாகவும் கண்டு "மகாபாரதத்திலேயே செஸ் இருக்கிறது" என்று எழுதியவர்கள் ஏராளம். பாணரின் வரியில்தான் இரண்டும் ஒரே இடத்தில் சேர்கின்றன. அதன் மதிப்பு அதுதான்.

மற்றது, சதுரங்கத்தை விளக்கும் பஹ்லவி மொழிச் சிற்றேடு. இந்திய அரசன் தேவசர்மன் 16 மரகதக் காய்களும் 16 மாணிக்கக் காய்களும் அனுப்பி, இதன் விதியைக் கண்டுபிடியுங்கள் என்று குஸ்ரூ அனுஷீர்வானின் (531–579) அவைக்குச் சவால் விடுகிறான். அமைச்சர் புஸுர்ஜ்மிஹ்ர் விடுவிக்கிறார். பதிலுக்கு நர்த் என்ற தாயக்கட்டை ஆட்டத்தைப் படைத்து அனுப்பி இந்தியர்களைத் திணறடிக்கிறார். இது பாரசீகத்தின் புகழ்பாடும் கதை. தன் பெருமையைச் சொல்ல வந்த நூலே, ஆட்டம் மட்டும் இந்தியாவினது என்று ஒப்புக்கொள்வதால்தான் அறிஞர்கள் அதற்குக் காது கொடுக்கிறார்கள். பின்வந்த அரபு ஆசிரியர்களும் அதையே வழிமொழிகிறார்கள்.

பலவீனமும் சிறியதல்ல. பாணரிடமிருந்து கிடைப்பது ஒரு சிலேடை, விதிகள் இல்லை. ஆட்டத்தை விரிவாகச் சொல்லும் இந்திய நூலுக்கு 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் தொகுத்த 'மானசோல்லாசம்' வரை காத்திருக்கவேண்டும். ஐயமின்றிச் சதுரங்கக் காய்கள் என்று பலரும் ஏற்கும் ஆகப் பழையவையும் இந்திய மண்ணில் கிடைத்தவை அல்ல. 1977இல் சமர்கந்தை ஒட்டிய அஃப்ராசியாபில் எடுக்கப்பட்ட ஏழு தந்தச் சிற்பங்கள் அவை, 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஜெர்மானிய அறிஞர் ரெனாட்டே சையத் கன்னோசியின் மௌகரி அரசவையைச் சுட்டி, வட இந்தியச் சுடுமண் உருவங்கள் சில காய்களாக இருக்கலாம் என்கிறார். அதில் ஒருமித்த கருத்து வரவில்லை.

மத்ஹபுகளின் சாட்சியம்

இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபுக்கு, அதாவது சட்டப்பள்ளிக்கு, இந்தக் கேள்வியில் ஓர் எதிர்பாராத இடம் உண்டு. தாயக்கட்டை உருட்டும் நர்தை விலக்கும் மத்ஹப், சதுரங்கத்தைச் சூதாட்டமும் தொழுகை தவறுவதும் இல்லாதவரை மக்ரூஹ் (விரும்பத்தகாதது) என்ற அளவில் நிறுத்துகிறது. மற்ற மத்ஹபுகளின் பெரும்பான்மை நிலை இதைவிடக் கண்டிப்பானது. விவாதம் இன்றும் ஓயவில்லை: 2016இல் சவூதி தலைமை முஃப்தி ஹராம் என்றார், ஈரான் புரட்சிக்குப் பின் தடைசெய்து 1988இல் தடையை நீக்கியது.

ஹலாலா ஹராமா என்பதை ஆலிம்கள் பார்த்துக்கொள்வார்கள். வரலாற்றாளருக்கு வேண்டியது திகதி. இமாம் ஷாபிஈ காலமானது 820இல். அதற்குள் சட்டம் சொல்லவேண்டிய அளவுக்கு ஆட்டம் பரவியிருந்தது. சதுரங்கத்தைப் பெயர் சொல்லி வரும் நபிமொழிகள் பலவீனமானவை, ஏனெனில் அது ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) பாரசீகத்தை அடைந்த காலத்தில்தான் அறிமுகமானது என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் வாதிட்டார்கள். திகதி குறித்து முறையாக நடந்த முதல் ஆராய்ச்சி என்று இதைச் சொன்னாலும் தவறில்லை.

இன்னொரு விளைவும் உண்டு. உருவம் செதுக்குவதைத் தவிர்த்த கைவினைஞர்கள் காய்களை உருளையும் கூம்புமாகக் கடைந்தார்கள். அவை அழகானவை, எளிதானவை. ஆனால் புதைகுழியில் ஒன்று தனியாகக் கிடைத்தால் அது சதுரங்கக் காயா, கைப்பிடியா, எடைக்கல்லா என்று சொல்வது கடினம். 2002இல் அல்பேனியாவின் புத்ரிந்தில் கிடைத்த ஒரு சிறு தந்தப் பொருள் 465ஆம் ஆண்டைச் சேர்ந்த சதுரங்கக் காய் என்று உலகச் செய்தி நிறுவனங்கள் முழங்கின. அது உண்மையானால் பாணருக்கும் ஒன்றரை நூற்றாண்டு முன்பே ஐரோப்பாவில் சதுரங்கம் ஆடியிருக்கவேண்டும். அது காய்தானா என்பதையே துறையினர் பின்னர் ஐயுற்றார்கள். ஐயம் செய்தியாகவில்லை.

யானையின் ஐந்து கட்டங்கள்

பிறப்பிடச் சண்டையில் அதிகம் கவனிக்கப்படாத சாட்சி யானை. அரபு–பாரசீக ஆட்டத்தில் அது மூலைவாக்கில் இரண்டாம் கட்டத்துக்குத் தாவும். அல்பிரூனி இந்தியாவில் கண்ட யானை வேறு: நேர்முன்னே ஒரு கட்டம், மூலைவாக்கில் நான்கு பக்கமும் ஒவ்வொரு கட்டம். தும்பிக்கைக்கு ஒன்று, கால்களுக்கு நான்கு என்று ஆடுவோரே விளக்கினார்களாம். அவருக்கும் முன்பே, 9ஆம் நூற்றாண்டில், சதுரங்க நூலாசிரியர் அல்அத்லீ இந்தியரின் யானை மூலையில் நின்று வேறொரு விதமாகத் தாவுவதாக எழுதியிருக்கிறார்.

அல்பிரூனியின் அந்த ஐந்து கட்ட நடை இன்றும் உயிரோடு இருக்கிறது. பர்மியச் சதுரங்கத்தின் யானை அப்படியே நகர்கிறது. தாய்லாந்தின் மக்ருக் ஆட்டத்தில் அந்த இடத்தில் நிற்கும் காயும் அப்படியே. ஜப்பானின் ஷோகியில் 'வெள்ளித் தளபதி' என்று எழுதப்பட்ட ஐங்கோண மரத்துண்டும் அப்படியே.

1993இல் நாரா நகரின் கோஃபுகுஜி விகாரையில் ஷோகிக் காய்கள் எடுக்கப்பட்டன. கூடவே 1058க்கு இணையான ஆண்டு பொறித்த மரச்சீட்டும் கிடைத்தது. ஆட்டம் ஜப்பானுக்குப் போனது சீனா, கொரியா வழியாகவா, தென்கிழக்காசியக் கடல்வழியாகவா என்ற வாதத்தில் இந்த யானை நடை கடல்வழிக்காரருக்குக் கையிருப்பு. எதிர்த் தரப்போ, இரண்டு இடங்களில் தனித்தனியாகவும் ஒரே நடை தோன்றலாம் என்கிறது. எப்படியானாலும் ஒன்று புலனாகிறது: 9–11ஆம் நூற்றாண்டுகளில் இந்தியாவில் ஒரே சதுரங்கம் இருக்கவில்லை. 'எங்கே பிறந்தது' என்ற கேள்வி, பிறந்தது ஒன்றே என்று முன்கூட்டியே முடிவுகட்டிவிடுகிறது.

சீனக் கட்சியும் கலப்புக் கட்சியும்

டேவிட் லீ 1998இல் எழுதிய நூல், ஹான் சின் என்ற சீனத் தளபதி கி.மு. 203ஆம் ஆண்டுப் போரின்போது ஆட்டத்தைப் படைத்தார் என்றது. அக்காலத்துச் சான்று ஒன்றையும் அது தரவில்லை. சீனச் சதுரங்கத்தைக் குறிக்கும் சியாங்சி என்ற பெயர் பழைய சீன நூல்களில் உண்டு, ஆனால் எந்த ஆட்டத்துக்கு என்று தெரியாது. ஆட்டம் தெளிவாகத் தெரிவது 9ஆம் நூற்றாண்டுத் தாங் காலக் கதையொன்றில். கெர்ஹார்ட் யோஸ்டென் போன்றோர் பட்டுப்பாதையில் பல ஆட்டங்கள் கலந்து பிறந்தது என்கிறார்கள். எல்லோரையும் திருப்திப்படுத்தும் கருத்து. சோதித்துப் பார்க்க வழி இல்லாததும் அதனால்தான்.

தமிழகத்தின் பங்கு

சங்கப் பாடல்களில் முதியவர்கள் பொதியிலில் வல்லாடுகிறார்கள். குறளின் கல்லாமை அதிகாரத்தில் கட்டம் வரைந்த அரங்கு இல்லாமல் வட்டாடுவது உவமையாகிறது. பலகை ஆட்டம் பழந்தமிழருக்குப் பழக்கமானது என்பதில் ஐயம் இல்லை. கீழடியில் சுடுமண் ஆட்டக்காய்களும் பகடையும் கிடைத்தபோது அவற்றில் சில 'சதுரங்கக் காய்கள்' என்ற பெயருடன் செய்திகளில் வந்தன. பலகையோ, வேறுவேறு படைகளாக அடையாளம் காணத்தக்க முழுத் தொகுதியோ இல்லாமல் அந்தப் பெயரைச் சுமத்துவது அவசரம். தாயத்துக்கும் காய் வேண்டும்.

தொடக்கத்தில் சொன்ன திருவாரூர் மாவட்டத்துக் கோயிலின், அதாவது திருப்பூவனூரின், கதையும் இப்படித்தான். இளவரசியாகப் பிறந்த இராஜராஜேசுவரியைச் சிவபெருமான் சதுரங்கத்தில் வென்று மணந்தார், அதனால் சதுரங்க வல்லபநாதர் ஆனார் என்பது தலபுராணம். 2022 ஜூலை 28இல் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இந்தியப் பிரதமரும் இதைக் குறிப்பிட்டார். அப்பர் பாடிய தலம் அது என்பதால் கோயில் 7ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. அந்த வயதைக் கதைக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டதுதான் செய்திகளின் கோளாறு.

தமிழகத்துக்கு உறுதியான சான்று வேறோரிடத்தில் இருக்கிறது. 13–14ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த வேதாந்த தேசிகர் திருவரங்கனின் பாதுகை மேல் பாடிய 'பாதுகா ஸஹஸ்ரம்' என்ற சமஸ்கிருத நூலில் ஒரு சித்திரகவி உண்டு. 32 எழுத்துள்ள சுலோகத்தை நான்கு வரிசை, எட்டு நிரலாகக் கட்டங்களில் எழுதி, சதுரங்கக் குதிரை தாவுகிற வழியில் எந்தக் கட்டத்தையும் விடாமல், திரும்பத் தொடாமல் வாசித்தால் அடுத்த சுலோகம் வருகிறது. இதே வித்தையைக் காஷ்மீரத்து ருத்ரடர் 9ஆம் நூற்றாண்டிலேயே செய்திருக்கிறார் என்பதால் முதன்மை உரிமை கோரமுடியாது. ஆனால் குதிரையின் நடை அந்நாளைய திருவரங்கத்தில் வாசகருக்குத் தெரிந்த விஷயம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டமுடியாது. இது தலைப்புச் செய்தியாவதில்லை. விளக்க ஐந்து நிமிடம் ஆகும்.

அரை நூற்றாண்டுக்குள் ஒரு குழப்பம்

இவ்வளவு பழைய விஷயத்தில் தவறு வருவது இயல்பு என்று சமாதானம் சொல்பவர்களுக்கு ஜப்பானியக் கணினி விளையாட்டுகள் நல்ல பதில். கட்டம் கட்டமாகப் படையை நகர்த்தி, ஒவ்வொரு வீரனையும் அனுபவத்தால் வளர்க்கும் வியூக விளையாட்டு வகைக்கு, நின்டெண்டோ 1990இல் வெளியிட்ட 'ஃபயர் எம்ப்ளம்' தான் முதல் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. 1983இலேயே ஷார்ப் எக்ஸ்1 கணினிக்கு வந்த 'பொகொசுகா வார்ஸ்' அரசனையும் அனுபவத்தால் வலுப்பெறும் வீரர்களையும் கட்டங்களில் நடத்தியது. அதில் முறைவைத்து ஆடுவது இல்லை, அதனால் கணக்கில் வராது என்பார் உண்டு. 'ஃபயர் எம்ப்ளம்' தொடரின் ஏழாவது விளையாட்டு 2003இல் வெறுமனே 'ஃபயர் எம்ப்ளம்' என்ற பெயரில் மேற்கே போனதால், அதையே முதலாவதாக எண்ணிய ஆங்கில வாசகர்களும் இருந்தார்கள்.

விற்பனைத் திகதி அச்சிட்ட பெட்டிகளும், விளம்பரம் வந்த சஞ்சிகைகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் ஒரு துறையின் நிலை இது. காரணமும் அதேதான்: எது இந்த வகை என்று வரையறுக்காமல் எது முதல் என்று கேட்பது, ஜப்பானிய மூலத்தைப் பார்க்காமல் ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்து எழுதுவது.

தீராமல் இருப்பவை

வட இந்திய 6–7ஆம் நூற்றாண்டுக் கட்சியே இன்றைய சான்றுகளுக்கு அதிகம் பொருந்துகிறது. அது எழுத்துச் சான்றை மட்டும் நம்பி நிற்கிறது; கங்கைச் சமவெளியில் ஒரு முழுக் காய்த்தொகுதி கிடைத்தால் உறுதியாகும், வேறெங்காவது அதற்கு முந்தியது கிடைத்தால் ஆட்டம் காணும். நால்வர் ஆட்டத்துக்கும் இருவர் ஆட்டத்துக்கும் உள்ள உறவு, தாயக்கட்டை இடையில் சேர்ந்ததா இடையில் கழன்றதா என்பது, யானையின் நடை ஏன் இத்தனை விதம் என்பது ஆகிய மூன்றும் திறந்தே கிடக்கின்றன.

இலங்கையைப் பொறுத்தவரை கேள்வியைப் பிறப்பிடத்திலிருந்து நகர்த்துவது பயன்தரும். 1909இல் ஹென்றி பார்க்கர் தன் 'பண்டைய இலங்கை' நூலில் கிராமத்துப் பலகை ஆட்டங்களின் கட்டங்களையும் விதிகளையும் வரைந்து காட்டியதால்தான் அவற்றை இன்று மற்ற நாட்டு ஆட்டங்களோடு ஒப்பிட முடிகிறது. கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களுக்கும் அந்த வகைப் பதிவு வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் சாய்ந்தமருதுக் கரையோரத்து வீடுகளோடு பழைய சாமான்களும் போய்விட்டன. மிச்சம் இருப்பது பெரியவர்களின் நினைவு. ஒலுவிலில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கும்போது அதைக் கேட்டு எழுதுவது பெரிய செலவில்லாத வேலை. எந்த ஆட்டம், யாரிடம் பழகியது, டாமுக்கும் தாயத்துக்கும் சதுரங்கத்துக்கும் என்ன விதி, அரசனுக்கு ஒருமுறை குதிரைத் தாவல் உண்டா, கடைசிக் கட்டம் சேர்ந்த காலாள் என்னவாக மாறினான் என்று பெயர், ஊர், வயதோடு குறித்துக்கொண்டால் போதும். இந்தியக் கிராமங்களில் 20ஆம் நூற்றாண்டு வரை இந்த விதிகள் இடத்துக்கு இடம் மாறின. மன்னார் வளைகுடாவைத் தாண்டி அவற்றில் எது வந்தது, எது வரவில்லை என்பதை அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் பேசமுடியும்.